பரிசலில் இரண்டாவது ஆள்

அவர் ஒரு ஆளை ஆற்றில் தள்ளிக் கொன்றிருக்கிறார் என்று நான் ஏறக்குறைய இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். ஒன்றை நம்புவதற்கு எனக்கு ஆதாரம் வேண்டும். சொல்வதற்கு ஒரு டீ போதும்.

அப்போது நான் எங்கள் ஊர்க் கட்சிக் கிளையின் செயலாளர். கட்சி ஆட்சியில் இருந்தது. கிளைக் கூட்டத்துக்கு என்னையும் சேர்த்து மூன்று பேர் வருவோம். அதில் ஒருவர் மைக் செட்டுக்குச் சொந்தக்காரர், செட்டை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார். எனக்குக் கரை வேட்டி ஒன்று, சட்டைப் பையில் பேனா இரண்டு. ஒன்று எழுதும். மற்றது எழுதாது, பார்வைக்கு நன்றாக இருக்கும். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் ஊரில் யார் எந்த மனு கொடுத்தாலும் எழுதுவது நான்தான்.

ஊர் கொள்ளிடத்தின் தென்கரையில், திருவையாற்றுக்கு வடக்கே. நாங்கள் வாய்க்கால்காரர்கள். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர், மடையைத் திறந்தால் வரும், பலகையைப் போட்டால் நிற்கும். கொள்ளிடம் அந்த ரகம் இல்லை. பத்து மாதம் மணலாகக் கிடக்கும். மேலே அணை நிரம்பி வழிந்தால் ஒரே பகலில் கரை முட்டிவிடும். அதனால் அந்த ஆற்றை நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாழ்ந்தோம்.

அப்படிப்பட்ட ஆற்றில் ஓர் ஆடி மாதம் அவர் வந்து இறங்கினார். பரிசலில், நின்றபடி, தனியாக. எங்கள் ஊருக்கு யாரும் அப்படி வந்ததில்லை. பஸ்ஸில் வருகிறவனுக்கு ஒரு புறப்பட்ட இடம் இருக்கும், கையில் டிக்கெட் இருக்கும். ஆற்றில் வருகிறவனிடம் என்ன இருக்கிறது?

"எந்த ஊருங்க?" என்று கேட்டால் கையை மேற்கே நீட்டி, "மேலங்க" என்பார். மேற்கே பூதலூர் இருக்கிறது, திருச்சி இருக்கிறது, அப்படியே போனால் அரபிக்கடலும் இருக்கிறது. இதில் எது?

வயது நாற்பது என்றாலும் சரி, அறுபது என்றாலும் சரி. குள்ளம். முழங்கைக்குக் கீழே கை மட்டும் வேறு யாருடையதோ போலத் தடியாக இருக்கும். நக இடுக்கில் எப்போதும் தார். கன்னத்தில் ஒரு சுக்குத் துண்டை அடக்கிக்கொண்டே பேசுவார். யார் என்ன சொன்னாலும் "இருக்கட்டும்ங்க" என்பார். நன்றி சொன்னாலும் இருக்கட்டும்ங்க, பொய்யன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னாலும் இருக்கட்டும்ங்க. கோபப்படாத மனிதனை எப்படி நம்புவது?

எங்கள் துறையில் பரிசல் தள்ளிக்கொண்டிருந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கம் மகள் வீட்டுத் தென்னந்தோப்புக்குப் போய்விட்டிருந்தார். இவர் யாரையும் கேட்காமல் அந்த இடத்தில் நின்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆற்றில் மணல் தெரியும் மாதங்களில் வாழைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார். தண்ணீர் வந்தால் துறைக்கு வந்துவிடுவார்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவர் ஆற்றில் குளிக்க மாட்டார். கொள்ளிடத்தை எதிரே வைத்துக்கொண்டு, அரை மைல் நடந்து போர்செட்டில் குளித்துவிட்டு வருவார். கேட்டதற்கு, "வேலை செய்யற எடம்ங்க" என்றார். இதை நான் டீக்கடைக் கோவிந்திடம் சொன்னபோது அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "தாசில்தாரு ஆபீசுல குளிக்கறாரா?" என்றார். கோவிந்து எப்போதும் எதிராளி பக்கம்தான்.

பரிசலில் ஏறுகிறவர்களுக்கு அவரிடம் சட்டம் உண்டு. செருப்பு நடுவில். மூட்டைமேல் உட்காரக் கூடாது. பிறகு ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். "பேசறவங்க பின்னாடி பாத்து உக்காருங்க" என்பார். அவர் முன்பக்கம் முட்டிபோட்டுத் துடுப்பு வலிப்பார். பேசுகிறவர்கள் அவருக்கு முதுகு காட்டி, விட்டுவந்த கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஏன் என்று சொன்னதில்லை. இரண்டு வருடத்தில் நான் ஏறியபோதெல்லாம் பின்னாடி பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறவனுக்கு இது மரியாதையா என்று வருத்தம் உண்டு.

இனி அவருடைய கதைகளுக்கு வருகிறேன். சந்தேகம் அங்கேதான் முளைத்தது.

ஒகேனக்கல்லிலிருந்து கடல் வரைக்கும் பரிசலிலேயே போயிருக்கிறாராம். எதற்கு என்று கேட்டால், அணைக்கரையில் ஒருவர் பரிசல் கேட்டிருந்தார், லாரியில் ஏற்ற வசதியில்லை, அதனால் மிதந்தே கொண்டுபோனேன் என்பார். உலகத்தில் ஒருவன் ஆபத்தான பயணம் போவதற்கு இவ்வளவு மட்டமான காரணத்தை நான் கேட்டதில்லை. பொய் சொல்கிறவன் இன்னும் நல்ல காரணமாகச் சொல்ல மாட்டானா என்றும் தோன்றியது. அதுவே ஒரு தந்திரமாக இருக்குமோ என்று அடுத்த நிமிடமே தோன்றியது.

"ரெண்டு பக்கமும் பாறைச் சொவருங்க. மேல பாத்தா வானம் ஒரு வேட்டி அகலம்தான். தண்ணி கத்தற கத்துல பேசினா கேக்காது. பரிசல் சுத்த ஆரம்பிச்சிடுச்சு. சுத்தறப்ப சொவத்தப் பாத்தா தலை கிறுகிறுத்து விழுந்துடுவோம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். நாங்க ரெண்டு பேரு."

கவனித்தீர்களா? நாங்கள் இரண்டு பேர். அப்புறம் மேட்டூர். அணை நீர்த்தேக்கத்தில் காற்று எழும்பிக் கடல்போல அலை அடித்ததாம். இருட்டுவதற்குள் ஒரு மேட்டில் ஒதுங்கினார்களாம். அங்கே ஒரு குடிசையில் களி கொடுத்தார்கள். இரண்டு தட்டு. அணையைச் சுற்றிப் பரிசலைச் சுமந்துபோய் இறக்கிய பிறகு பவானி, ஈரோடு, கரூர், குளித்தலை. முக்கொம்பில் மதகுக்கு முன்னாலேயே கரையேறி, பரிசலைத் தூக்கிச் சுமந்து, கொள்ளிடத்தில் மறுபடி இறக்கினாராம். அங்கே "நாங்க" கேட்கவில்லை. அணைக்கரைக்குப் போனால் பரிசல் கேட்டவர் ஊரில் இல்லை. சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கடலையும் பார்த்துவிடுவோம் என்று பழையாறு வரைக்கும் போய்விட்டார். முகத்துவாரத்தில் எதிரே கடல் ஏறி வந்து பரிசலைத் திருப்பித் திருப்பிப் போட்டதாம். மீன்பிடிக்கிறவர்கள் படகிலிருந்து கயிறு வீசி இழுத்தார்களாம். வீட்டில் உட்காரவைத்து மீன் குழம்பு ஊற்றினார்களாம்.

"எத்தனை தட்டு அண்ணே?" என்று கேட்டேன்.

சுக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "ஒரு தட்டுதான்ங்க."

மேட்டூரில் இரண்டு தட்டு. கடலில் ஒரு தட்டு. நடுவில் ஒரு ஆள் என்ன ஆனான்?

"அந்த இன்னொருத்தர் யாரு அண்ணே?"

"இருக்கட்டும்ங்க."

கொலைகாரன் வேறு எப்படிப் பதில் சொல்வான்?

மேட்டூர்ப் பக்கம் கட்சி மாநாடு ஒன்று வந்தபோது பூதலூரில் ரயில் ஏறிப் போனேன். மாநாட்டுத் தீர்மானங்கள் எதுவும் நினைவில்லை. ஆற்றோரக் கடை ஒன்றில் போய், "இந்த ஆத்துல யாராவது காணாமப் போயிருக்காங்களா?" என்று துப்பறிந்தது மட்டும் நினைவிருக்கிறது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த வருஷம் வேணும்? ஒக்காருங்க, வரிசையா சொல்றேன்" என்றார். நான் உட்காரவில்லை.

இந்த நேரத்தில்தான் நிலப் பிரச்சினை முற்றியது. ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவில் ஒரு திட்டு உண்டு. ஆறு தானாகக் கொண்டுவந்து போட்ட வண்டல். உயர்ந்து, மேடாகி, நல்ல வாழை விளையும். அதில் ஆறு குடும்பங்கள் மிராசுதாருக்குக் குத்தகை கொடுத்துத் தலைமுறையாகப் பயிர் செய்தன. எல்லாம் ஒரு காலத்தில் பண்ணைக் கூலிகளாக இருந்தவர்கள். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அடுத்த வருடமே வாழையோடு சேர்த்து ஆளையும் வெட்டி எறிவார். அக்கம்பக்கத்து ஊர்களில் வரப்புக்கு வரப்பு சிவப்புக் கொடியும் அடியாட்களுமாக இருந்த காலம்.

ஆறு குடும்பத்துக்கும் முதல் பெயர் பாக்கியம் அக்கா. நாற்பத்தைந்து வயது, வாயில் எப்போதும் புகையிலை, எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி அவருடையதுதான். சித்திரை மாதம், ஆறு காய்ந்து கிடந்தபோது, என்னை உட்காரவைத்து மனு எழுதச் சொன்னார். எழுதினேன். ஆறு கைநாட்டு வாங்கினேன். தாலுகா ஆபீசில் நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள். மறுநாளே மிராசுதாரின் காரியஸ்தர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெள்ளிப்பூண் போட்ட குடையை வெயில் இல்லாதபோதும் விரித்துப் பிடிக்கிறவர். காப்பி கொடுத்தார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்றார். "ஒங்க கையெழுத்துக்கு அந்த நாற்காலி காத்துக்கிட்டுருக்கு செயலாளரே. மனு எங்க ஓடிடப் போவுது? அவசரப்படாதீங்க" என்றார். நான் அவசரப்படவில்லை. இரண்டு மாதம் மனு என் சட்டைப் பையில், எழுதாத பேனாவுக்குப் பக்கத்தில் இருந்தது. சட்டையைத் துவைக்கும்போது எடுத்து வைத்துவிட்டு, காய்ந்ததும் மறுபடி வைத்துக்கொள்வேன். காப்பி குடிக்கப் போகும்போதெல்லாம் அக்கா வீட்டில் என்ன பேசினார்கள் என்பதும் பேச்சோடு பேச்சாக வெளியே வரும்.

விஷயம் அந்தப் பக்கம் கசிகிறது என்று அக்காவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. "நம்மகிட்ட இருந்துதான்டா எவனோ சொல்றான்" என்றார். நான் ஒரு நிமிடம் யோசித்து, "அந்தப் பரிசல்காரர் எந்த ஊருன்னே தெரியலியே அக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. அந்த வாரத்திலிருந்து துறையில் அவரைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோவிந்து மட்டும் அவருக்குப் பழையபடி டீ கொடுத்தார். அவரிடம் யாரோ காரணத்தையும் சொல்லியிருக்கிறார்கள். "இருக்கட்டும்ங்க" என்றாராம்.

ஆனியில் ஒருவழியாக மனுவைக் கொடுத்தேன். எழுத்தர் இடம் இன்னும் காலியாகவில்லை, அந்தக் கோபத்தில். ஸ்தல விசாரணைக்குத் தேதி போட்டார்கள். ஆடிக் கடைசி. அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது.

ஐந்து குடும்பங்கள் மாடு கன்றோடு கரையேறிவிட்டன. பாக்கியம் அக்காவின் புருஷன் எருதுகளைக் கரையில் விட்டுவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவர், தண்ணீர் ஏறிவிட்டதால் திரும்ப முடியாமல் நின்றுவிட்டார். அக்கா மட்டும் இரண்டு ஆடுகளோடு திட்டில் இருந்தார். அவருக்குக் கிளம்ப நேரம் இருந்தது. கிளம்பவில்லை. எல்லோரும் வந்துவிட்டால் அங்கே ஆளில்லை என்று எழுதிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரிதான். விசாரணைக்கு வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., கரையில் ஜீப்பை நிறுத்தி, ஆற்றைப் பார்த்து, ஒரு அடி பின்னால் நகர்ந்தார். நியாயமான மனிதர், நீச்சல் தெரியாத மனிதரும்கூட. "நான் போக முடியாது. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். முதல் மனுதாரர் இங்க வரணும். இல்லன்னா அங்கதான் இருக்கேன், பயிர் வெச்சிருக்கேன்னு கைநாட்டோட வாக்குமூலம் வரணும். படிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர் நேர்ல பாத்து சாட்சிக் கையெழுத்துப் போடணும். ரெண்டும் இல்லன்னா சாகுபடியில் ஆள் இல்லைன்னுதான் எழுத முடியும்" என்றார்.

காரியஸ்தர் குடைக்குள்ளிருந்து, "அதுதானே முறை" என்றார்.

ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் என்னைத் தவிர மூன்று பேர் அங்கே நின்றார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அக்காவின் புருஷன் என்னையே பார்த்தார். அவர் எதுவும் கேட்டிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"நான் போறேன்" என்று யாரோ சொன்னார்கள். என் குரல்தான் அது.

பரிசல்காரர் அதற்குள் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேற்கே நடக்க ஆரம்பித்திருந்தார். திட்டு நேர் எதிரே இருக்கிறது, இவர் ஊரை விட்டே போகிறார். "ஓடறான்யா" என்றார்கள். பின்னாலிருந்து பார்க்க ஆமை ஒன்று எழுந்து நின்று நடப்பதுபோல் இருந்தது. வாக்குமூலத் தாளையும் மைப்பெட்டியையும் யூரியா மூட்டையின் உள்பையில் சுற்றிக்கொண்டு நான் ஆமையின் பின்னால் ஓடினேன். முக்கால் மைல் போன பிறகுதான், ஓடுகிற ஆற்றில் எதிரே இருக்கும் இடத்துக்கு எதிரிலிருந்து புறப்படக் கூடாது என்பது எனக்குப் புரிந்தது. அதற்குள் இன்னொன்றும் புரிந்திருந்தது. இங்கே நாங்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

பரிசலை இறக்கினார். காய்ந்த புல்லை ஒரு கை பிடுங்கித் தண்ணீரில் போட்டு, அது போகிற போக்கைப் பார்த்தார். இன்னொரு கை போட்டார்.

"என்ன அண்ணே பாக்கறீங்க?"

"வழிங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பின்னாடி பாத்து உக்காருங்க தம்பி."

கரையிலிருந்து பார்க்கும்போது வெள்ளம் ஓடுகிறது. உள்ளே போனால் வெள்ளம் ஓடவில்லை, கரைதான் ஓடுகிறது. புளியமரம் போயிற்று, எங்கள் ஊர் போயிற்று, குடை ஒரு பொட்டாகிப் போயிற்று. வேரோடு ஒரு இலுப்பை மரம், கிளைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, எங்களைவிட வேகமாகப் போயிற்று. எனக்கு எதிரே வருவது எதுவும் தெரியாது. தாண்டிப் போன பிறகுதான் தெரியும். பிறகு ஒரு சத்தம், பெரிய அண்டாவில் ஏதோ கொதிப்பதுபோல. பரிசல் ஒரு பக்கம் சரிந்து சுற்ற ஆரம்பித்தது.

நான் அழுதேன். மேடையில் பழக்கிய குரல், நன்றாகவே அழுதேன். "அண்ணே, மனு என் பையிலதான் இருந்துச்சு, ரெண்டு மாசம் இருந்துச்சு, வேலை தர்றேன்னாரு அண்ணே, உங்க மேல பழி போட்டதும் நான்தான்" என்று கொள்ளிடத்துக்கே கேட்கும்படி சொன்னேன்.

"இருக்கட்டும்ங்க. காலை உள்ள இழுங்க."

காலை இழுத்தேன். செத்துப் போவதற்குள் இதையும் தெரிந்துகொண்டுவிடலாம் என்று, "அண்ணே, அந்த ரெண்டாவது ஆளக் கொன்னீங்களா?" என்றேன்.

துடுப்பு மூன்று முறை விழுந்தது. "மொதல்ல நாம ரெண்டு பேரும் கரை சேருவோம்ங்க" என்றார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

பரிசல் ஏதோ ஒன்றில் இடித்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். வாழை.

பாக்கியம் அக்கா இருந்ததிலேயே உயரமான இடத்தில், கொட்டகை வாசலில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் புகையிலையைத் துப்பினார்.

"என்னடா செயலாளரு, வேட்டி இப்படி நனைஞ்சிருக்கு?"

"ஆத்துத் தண்ணிக்கா."

"மேல சட்டை நனையலியே."

"என் துடுப்பு அடிச்சதும்மா" என்றார் பரிசல்காரர்.

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினேன். குரல் நடுங்கியதால் ஓர் உணர்ச்சி வந்திருந்தது. அக்கா தலையாட்டிக் கேட்டுவிட்டு, கையை நீட்டுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தார்.

"சித்திரையில எழுதினோமே. ஏன்டா இவ்வளவு நாளாச்சு? அப்பவே வந்திருந்தா அந்த ஆபீசரு மணல்ல நடந்தே வந்திருப்பாரு."

நான் பரிசல்காரரைப் பார்த்தேன். அவருக்கு இப்போது எல்லாம் தெரியும். பழி சுமந்தது அவர். ஒரு வார்த்தை போதும், அவர் மேலிருந்து அது இறங்கிவிடும். அவர் பரிசல் கயிற்றைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"கையைக் காட்டுங்கம்மா. தண்ணி ஏறுது."

ஈரக் கையில் மை ஒட்டவில்லை. இரண்டு முறை வைத்ததும் வெறும் நீலத் தீற்றல். அவர் அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளி அக்காவின் கட்டைவிரலில் தேய்த்து, ஊதி, "இப்ப வைங்க" என்றார். ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது.

"நீங்களும் ஏறுங்கம்மா" என்றார்.

"நான் ஏறினா எடம் காலின்னு அந்தக் குடைக்காரன் சொல்லுவான். நாளைக்கு அரிசி கொண்டாங்க, போதும்." மறுநாள் அவர் அரிசியோடு போனார். தண்ணீர் வடிகிற வரை தினமும் போனார்.

நாங்கள் திரும்பும்போது ஆறு எங்களைக் கிழக்கே மூன்று மைல் தள்ளி ஓர் ஊரில் கரை சேர்த்தது. யாருடைய சைக்கிள் என்று இன்றைக்கும் தெரியாது, எடுத்து மிதித்தேன். ஆர்.ஐ. ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தார்.

காரியஸ்தர் தாளை எட்டிப் பார்த்தார். "இதை எந்தக் கரையில ஒக்காந்து வெச்சீங்களோ."

ஆர்.ஐ. என்னைக் கேட்டார். "நீங்க நேர்ல பாத்தீங்களா?"

குடைக்குக் கீழிருந்து ஒரு பார்வை என்மேல் வந்தது. அந்தப் பார்வையில் ஒரு நாற்காலி இருந்தது, இரண்டு மாதக் காப்பி இருந்தது. பேனாவை எடுத்தேன். எழுதாத பேனா. அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தேன். "பாத்தேன் சார். திட்டுல வாழை இருக்கு, அவங்க இருக்காங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அந்த ஒரு கையெழுத்துதான் கோணலாக விழுந்தது.

ஆறு பெயரும் ஏறிவிட்டன. எழுத்தர் வேலை காரியஸ்தரின் மருமகனுக்குப் போயிற்று. நல்ல பையன், கையெழுத்துத்தான் கோழி கிளறியது. பாக்கியம் அக்காவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. பேத்தி காலேஜில் வாத்தியார். இதை அவள் படித்துக் காட்டுவாள். அக்கா, மனு என் பையில்தான் இருந்தது. ஆபீசில் இல்லை. பரிசல்காரர் எதையும் யாரிடமும் சொன்னதில்லை, நான்தான் சொன்னேன்.

அன்றைக்கு இதைச் சொல்லத் துப்பில்லை. மறுநாள் டீக்கடைக்குப் போவதற்கே பயந்தேன். போனால் அவர் ஏற்கெனவே கதை சொல்லிக்கொண்டிருந்தார். "நாங்க ரெண்டு பேரு. ஒரு இலுப்பை மரம் எங்களைத் தாண்டிப் போவுது..." என்று. என் காது எரிந்தது.

கோவிந்து டீயை ஆற்றிக்கொண்டே, "செயலாளரு அழுதிருப்பாரே?" என்றார். எனக்கு வேண்டியவர் அவர்.

"அவரு பின்னாடி பாத்து உக்காந்திருந்தாருங்க. என் முதுகுல கண்ணா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அடுத்த வெள்ளத்தில் அவர் போய்விட்டார். வந்ததுபோலவே, நின்றபடி, கிழக்கே. யாரிடமும் சொல்லவில்லை. அவர் எதையோ மறைக்கத்தான் ஓடிப்போனார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஓடிப்போன மனிதர் மறைத்தது என்னைத்தான் என்று நான் சொல்லவில்லை.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தாராசுரத்தில் பஸ் மாறி, அணைக்கரை தாண்டி, கீழே ஒரு துறை. அக்கரைக்குப் பாலம் கிடையாது. ஆள் சேரட்டும் என்று பத்துப் பேர் காத்திருந்தார்கள். பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டே ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கை அதே கை.

"நாங்க ரெண்டு பேரு. சுழியில சிக்கிட்டோம்." இலுப்பை மரம் வந்தது, வாழைத் திட்டு வந்தது, சாம்பல் வந்தது. கடைசியில், "கெழக்க மூணு மைல் தள்ளிக் கரையேறினேன்" என்றார்.

பேண்ட் போட்ட ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேர்னு சொன்னீங்களே. அந்த இன்னொருத்தர் என்ன ஆனாரு?" என்றார்.

"இருக்கட்டும்ங்க."

பேண்ட்காரர் பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு, "ஆத்தோட போயிருப்பாரு, வேறென்ன" என்று மெதுவாகச் சொன்னார். பத்துப் பேரும் பரிசல்காரரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கொள்ளிடக் கரையில் அவரை முதலில் அப்படிப் பார்த்தவன் நான்தான்.

மேட்டூருக்கு இப்பால் காணாமல் போன அந்த முதல் ஆளும் இப்படித்தான் எங்கோ ஒரு கடையில் உயிரோடு டீ குடித்துக்கொண்டிருப்பார் என்று அன்று எனக்குத் தோன்றியது. பாறைச் சுவர்களுக்கு நடுவில் அவர் என்ன சொல்லி அழுதாரோ. இல்லை, உண்மையாகவே இவர் தள்ளிவிட்டிருக்கலாம். அதை நான் இன்னும் முழுக்க விடவில்லை.

எழுந்து நின்று, "அந்த ஆள் நான்தான், சாகவில்லை, முகூர்த்தத்துக்கு வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். சொன்னால் அடுத்த கேள்வி வரும். வாயைத் திறந்தேன். ஒரு மணி நேரம் பேசும் வாய். மூடிக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தெரிந்திருக்காது என்று நினைத்தேன்.

பரிசலை இறக்கினார். செருப்பு நடுவில். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பேண்ட்காரரைப் பின்னாடி பார்த்து உட்காரச் சொன்னார், அந்த அம்மாவையும். நான் ஏறினேன், சொல்லாமலே திரும்பிப் பின்பக்கம் பார்த்து உட்காரப் போனேன்.

"நீங்க முன்னாடி பாத்து உக்காருங்க தம்பி" என்றார்.